அடுத்த ஈற்றுக்கான தீவனம்



வரலாறு என்று சொல்லிவிட்டு இந்த முறை பன்றியைக் கொண்டு வந்திருக்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோதே ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள் :-) அரசர்களுக்கும் போர்களுக்கும் பாடப்புத்தகம் இருக்கிறது. தாய்ப்பன்றிக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை நான் தேடிப் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நஷ்டம்.

எங்கள் சித்தப்பாவுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. மானாவாரிதான். மழை வந்தால் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, வராவிட்டால் சீமைக்கருவேலம். இரண்டு வருடம் தொடர்ந்து விதை போட்ட காசே திரும்பவில்லை என்றதும், யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு வெள்ளைப் பன்றிகளை வாங்கி வந்தார். வீட்டில் பெரிய சண்டை. அப்பத்தா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

முதல் பன்றி பதினொரு குட்டி போட்டது. ஒன்பது பிழைத்தன. குட்டிகளை விற்றுக் கைக்குக் காசு வந்ததும் அப்பத்தாவே தொழுவத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஆனால் குட்டி பிரித்த பிறகு தாய் பருவத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டாவது மாதமும் போயிற்று. விலா எலும்பு தெரிய நின்றது. பார்க்க வந்த வியாபாரி, "இது மலடாப் போச்சுண்ணே, இருக்கிற எடைக்குத் தள்ளிவிடுங்க" என்றார். சித்தப்பாவும் தள்ளிவிட்டார்.

அது மலடு இல்லை, பட்டினி கிடந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவு வைத்துக்கொள்வார்கள். குட்டிகள் பால் குடிக்கும் வரைக்கும் தாய் பொதுவாகப் பருவத்துக்கு வராது. குட்டிகளைப் பிரித்தால், நல்ல உடம்போடு இருக்கும் தாய் நாலிலிருந்து ஏழு நாளுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

இப்போது பாலைப் பாருங்கள். பத்துக் குட்டிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு 200 கிராம் எடை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 கிலோ. ஒரு கிலோ குட்டி எடைக்குச் சுமார் 4 கிலோ பால் வேண்டும். ஆக நாளைக்கு 8 கிலோ பால். நம் ஊர் நாட்டு மாடு பல வீடுகளில் அதில் பாதிகூடக் கறப்பதில்லை. பன்றிப் பாலில் கொழுப்பும் புரதமும் மாட்டுப் பாலைவிட அதிகம் வேறு. யாரும் கறந்து பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்காததால் அந்தப் பாலின் அளவு யார் கண்ணிலும் படுவதில்லை.

இவ்வளவு பாலுக்கும் வேண்டிய சத்து தீவனத்தில் வராவிட்டால் தாய் தன் உடம்பைக் கரைத்துக் கொடுக்கும். முதலில் கொழுப்பு, பிறகு சதை. குட்டிகள் ஓரளவு கொழுகொழு என்றுதான் இருக்கும். அதனால் வளர்ப்பவருக்கு எதுவும் குறையாகத் தெரியாது. குறை தெரிவது அடுத்த ஈற்றில். இந்தத் தாமதம்தான் இந்த வரலாறு முழுவதையும் இழுத்தடித்திருக்கிறது.

சங்க காலத்துக் குழி

தமிழில் பன்றிக்குத் தீவனம் போட்டு வளர்த்த செய்தி மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் அது வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிகாட்டி அனுப்பும் பாட்டு. வழியில் கள் சமைக்கும் பெண்களின் வீடுகள் வருகின்றன. அவர்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் நிறையக் குட்டிகளோடு பெண் பன்றிகள் புரள்கின்றன. ஆண் பன்றியை மட்டும் அவற்றோடு சேரவிடாமல், ஒரு குழிக்குள் நிறுத்தி, பல நாள் நெல் மாவு தீற்றிக் கொழுக்க வைக்கிறார்கள். வரும் விருந்தாளிக்கு அந்தக் கொழுத்த இறைச்சி.

இதை முதலில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. அடைத்து வைத்து, இனச்சேர்க்கையைத் தடுத்து, தானிய மாவு கொடுத்துக் கொழுக்க வைப்பது என்றால் அது திட்டமிட்ட வளர்ப்பு. இரண்டாவது முறை படித்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. மாவு யாருக்குப் போகிறது? கறியாகப் போகிற ஆணுக்கு. நிறையக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு? கிண்ணம் கழுவிய நீரும் சேறும்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தீவனம் போட்டால் நாளைக்கே பலன் தெரிகிற இடத்தில் போடுவது மனித இயல்பு. ஆணின் முதுகில் கொழுப்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தாயின் வயிற்றில் அடுத்த ஈற்றுக்கான கரு முட்டைகள் முதிர்வது தெரியாது. அதோடு அந்தப் பெண் பன்றிகள் வெளியே மேய்ந்து திரிந்திருக்கும். கிழங்கு, புழு, சாணம், மிச்சம் மீதி என்று தனக்கு வேண்டியதைத் தானே தேடியிருக்கும். நம் ஊர்களில் சமீப காலம் வரை நாட்டுப் பன்றி பிழைத்த வழியும் அதேதான்.

அந்த நாட்டுப் பன்றிகளை வளர்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் வாழ வைக்கப்பட்டவர்கள். பன்றியின் மேல் இருந்த அருவருப்பை ஊர் அவர்கள் மேலும் பூசியது. அதனால் அவர்கள் அறிந்து வைத்திருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஈன்ற பன்னிக்குக் கம்பங்கஞ்சி ஊத்துவோம் தம்பி. குட்டிக்குன்னு நெனச்சியா? அது மறுபடி சீக்கிரம் ஆணு தேடணும்ல." சித்தப்பாவுக்குத் தெரியாமல் போன விஷயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நெசவாளி வளர்த்த வெள்ளைப் பன்றி

சித்தப்பா வாங்கியது நாட்டுப் பன்றி இல்லை. ‘லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்' எனப்படும் பெரிய வெள்ளை இனம். இதன் வரலாறு அருப்புக்கோட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கீத்லி என்று ஒரு துணி நெசவு ஊர். அங்கே ஜோசப் டூலி என்று ஒரு நெசவாளி. அவர் 1851-ல் விண்ட்சரில் நடந்த ராயல் வேளாண் கண்காட்சிக்குத் தான் வளர்த்த பன்றிகளைக் கொண்டு போனார். பெரிய உடம்பு, நல்ல அமைப்பு. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். இந்த இனம் உலகப் புகழ் பெற்றது அங்கிருந்துதான். தறி ஓட்டிக்கொண்டே கொல்லையில் பன்றி வளர்த்த ஒருவரின் கைவேலை, சுற்றிச் சுற்றி இன்னொரு தறி ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இந்தியாவில் 1950களின் இறுதியிலிருந்து அரசு இனவிருத்தி நிலையங்களும் பன்றி இறைச்சி ஆலைகளும் வந்தன. 1970-71-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பேர் பெற்ற இடம் சென்னைக்குத் தெற்கே உள்ள காட்டுப்பாக்கம். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அங்கே ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெள்ளை யார்க்‌ஷயர் 75 சதம், நாட்டுப் பன்றி 25 சதம் கலந்த ‘கே.பி.எம். கோல்டு' என்ற இனத்தை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நாட்டு ரத்தத்தைக் கொஞ்சம் விட்டு வைத்தது நம் வெயிலையும் நம் தீவனத்தையும் தாங்கத்தான்.

ஆனால் ஒன்று. நாட்டுப் பன்றி நாலைந்து குட்டி போடும், தானே மேயும், உடம்பும் சிறியது. வெள்ளைப் பன்றி எட்டு, பத்து போடும், அடைப்பில் நிற்கும், நாம் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இனத்தை மாற்றிய நாம், தீவனப் பழக்கத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டோம். பல கொட்டகைகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

விஞ்ஞானம் தாயைத் திரும்பிப் பார்த்த கதை

வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் இது உடனே புரிந்துவிடவில்லை என்பது ஒரு ஆறுதல்.

அமெரிக்காவில் பன்றிக்கான முதல் தேசியத் தீவன அளவுப் பட்டியல் 1944-ல் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு புதிர் இருந்தது. அடைப்பில் வைத்து தானியமும் சோயாவும் மட்டும் கொடுத்த பன்றிகளும் கோழிகளும் சரியாக வரவில்லை. கொஞ்சம் மீன் தூளோ, சாணமோ சேர்ந்தால் சரியாகிவிட்டது. அது என்னவென்று தெரியாமலே ‘விலங்குப் புரதக் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் பிரிட்டனின் கிளாக்ஸோவும் வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுத்த பிறகுதான் புதிரின் முக்கியப் பகுதி அவிழ்ந்தது. தெருவில் சாணத்தைக் கிளறிய நாட்டுப் பன்றிக்கு ஓசியில் கிடைத்த சத்து அது! அடைத்து வைத்தால் நாம்தான் கொடுக்க வேண்டும்.

1960களில் பிரான்சில் சால்மோன்-லெகான்யூர் என்பவரும், ஸ்காட்லாந்தின் ராவெட் நிலையத்தில் இருந்தவர்களும் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். சினைக் காலத்தில் நிறையத் தின்று கொழுத்த பன்றி, பாலூட்டும் காலத்தில் குறைவாகத் தின்கிறது. நம் ஊர்ப் பழக்கம் என்ன? சினையாக இருக்கும்போது பார்த்துப் பார்த்துப் போடுவோம். ஈன்று முடிந்ததும் "இனி குட்டி பாடு" என்று விட்டுவிடுவோம். ஆராய்ச்சி சொன்னது நேர் தலைகீழ்: சினையில் அளவாக, பாலில் தாராளமாக.

அதே 1960களின் கடைசியில் பிரிட்டன் பண்ணைகளில் ‘மெலிந்த தாய்ப்பன்றி' என்று ஒரு பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. ஈற்றுக்கு ஈற்று உடம்பு கரைந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு போட்டாலும் தேறாத பன்றிகள். அதைப் பற்றிப் படித்தபோது சித்தப்பாவின் பன்றிதான் கண் முன்னே நின்றது.

1982-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரீஸ் என்பவரும் குழுவினரும் நேரடியாகவே சோதித்தார்கள். பாலூட்டும் பன்றிகளுக்கு வெவ்வேறு அளவு ஆற்றல் கொடுத்தார்கள்: நாளைக்கு 8 மெகா கலோரி முதல் 16 வரை. குறைவாகப் பெற்றவை குட்டி பிரித்த பிறகு பருவத்துக்கு வரத் தாமதமானது. 1984-ல் ஆஸ்திரேலியாவில் கிங், வில்லியம்ஸ் இருவரும் முதல் ஈற்றுப் பன்றிகளில் இதையே பார்த்தார்கள். முதல் ஈற்றுப் பன்றி பாவம், அதுவே இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளை. தனக்கும் வளர வேண்டும், பாலும் கொடுக்க வேண்டும். அதனால் அடி அதற்குத்தான் அதிகம். ‘இரண்டாம் ஈற்றுச் சரிவு' என்று இதற்குப் பெயரே உண்டு. சித்தப்பா விற்றதும் முதல் ஈற்றுப் பன்றியைத்தான்.

1997-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஸாக் முதலானோர் இன்னொரு படி போனார்கள். பாலூட்டும் நாலு வாரத்தில் எந்த வாரம் பட்டினி போட்டால் அதிகச் சேதம் என்று பார்த்தார்கள். கடைசி வாரத்தில் தீவனம் குறைத்தால் கரு முட்டைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல, தங்கும் கருக்களும் குறைந்தன. அடுத்த ஈற்றின் முட்டைகள் அந்த நாட்களில்தான் முதிர்ந்துகொண்டிருக்கின்றன என்பது காரணம். நாம் என்ன செய்வோம்? "இன்னும் ஒரு வாரத்தில் குட்டி பிரிக்கப் போறோமே" என்று சரியாக அந்த வாரத்தில்தான் தீவனத்தைக் குறைப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தின்னும் தீவனம் ரத்தத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது. உடம்பில் இருப்பு போதும் என்ற சேதி அதன் வழியாகவும் மூளைக்குப் போகிறது. மூளை அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது. அந்தத் துடிப்பில்தான் சூலகத்தில் முட்டை முதிர்கிறது. பட்டினியில் துடிப்பு தளர்ந்துவிடும். வீட்டில் அரிசி இல்லாதபோது விருந்து கூப்பிடாத மாதிரி, உடம்பு தானாகவே அடுத்த சினையைத் தள்ளிப் போடுகிறது. அதை நாம் மலடு என்கிறோம்.

2003-ல் ஆல்பர்ட்டாவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு, பாலூட்டும்போது தன் உடம்பின் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் தாயின் சூலகம் மந்தமாகிறது என்று காட்டியது. ஆக, மாவு மட்டும் போதாது, புரதமும் வேண்டும்.

கரிசல் நிலத்தில் எதைச் சேர்ப்பது?

இதெல்லாம் வெளிநாட்டு மக்காச்சோளத்தோடு நடந்த கதை. நம் ஊரில் என்ன கிடைக்கிறது? இங்கே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பொறி இருக்கிறது.

கரிசல் வீட்டில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது பரம்பரைப் பழக்கம். பால் கெட்டியாக வரும். அதே நினைப்பில் பாலூட்டும் பன்றிக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வைப்பவர்கள் உண்டு. சித்தப்பாவும் கொஞ்ச நாள் வைத்தார். பருத்தி விதையில் காசிபால் என்று ஒரு நச்சு உண்டு. விதர்ஸ், கார்ருத் என்ற இரு அமெரிக்கர்கள் 1915-லேயே அதை அடையாளம் காட்டிவிட்டார்கள். மாட்டின் பெரிய இரைப்பை அதைப் பெருமளவு கட்டிப் போட்டுவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. பசி குறையும், மூச்சு வாங்கும், அளவு மீறினால் செத்தும் போகும். மாட்டுக்கு நல்லது பன்றிக்கும் நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது.

கடலைப் பிண்ணாக்கு புரதத்துக்கு நல்லது. ஆனால் ஈரத்தில் வைத்துப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் வரும். 1960-ல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் செத்ததை ஆராய்ந்தபோது பிடிபட்ட நச்சு அது. குற்றவாளி, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கைத் தரையில் போட்டு வைத்தால் நம் வீட்டிலும் அதே கதைதான். இன்னொரு குறை, கடலைப் புரதத்தில் லைசின் குறைவு. பன்றிப் பாலுக்கு முதலில் தட்டுப்படுவது லைசின்தான். அதனால் கொஞ்சம் மீன் தூள் அல்லது சோயாப் பிண்ணாக்கு சேர்த்தால்தான் கணக்கு நேராகும். தூத்துக்குடியும் ராமநாதபுரம் கடற்கரையும் நமக்குத் தூரமில்லை. நல்ல மீன் தூளில் பி12-உம் சேர்ந்தே வரும். உப்பும் மணலும் கலந்ததை மட்டும் பார்த்துத் தவிர்க்க வேண்டும்.

கம்பும் சோளமும் மாவுச்சத்துக்கு. எண்ணெய் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். எண்ணெய் ஆற்றலைக் கூட்டும், பாலில் கொழுப்பைக் கூட்டும், குட்டிகளுக்கு நல்லது. ஆனால் நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வுகளில் 2000-ஐ ஒட்டித் தெரிந்தது என்னவென்றால், தாயின் எல்.எச். துடிப்புக்கு அதிகம் உதவியது கொழுப்பைவிட மாவுச்சத்து. எண்ணெய் இந்த ஈற்றுக் குட்டிக்குப் போகிறது. மாவு அடுத்த ஈற்றுக்குப் போகிறது என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். கம்பங்கஞ்சிப் பெரியவரை இங்கே ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சீமைக்கருவேலங்காய் இனிப்பானது, நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்து ஒரு பகுதியாகக் கலக்கலாம். முழுத் தீவனமாக ஆக்க முடியாது. இவற்றோடு தாது உப்புக் கலவை. பாலில் போகும் சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து உருவப்பட்டால், அடுத்த ஈற்றுக்கு முன் கால் நொண்டும்.

ஓட்டல் கழிவு பல பண்ணைகளுக்கு உயிர்நாடி. செலவு குறைவுதான். ஆனால் அதில் தண்ணீர் அதிகம். பத்து கிலோ கழிவு தின்று வயிறு நிறைந்த பன்றி, அதில் காய்ந்த தீவனமாக இரண்டு கிலோகூடப் பெற்றிருக்காது. வயிறு நிறைந்தும் பட்டினி! ஆபத்து இன்னொன்றும் உண்டு. 1921-ல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாச்சலம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 2022-ல் வயநாடு. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப் பன்றிகள். சமைத்த மிச்சத்தில் பச்சைப் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருந்தால் அதுவே நோயைக் கொண்டு வரும். கழிவு கொடுப்பவர்கள் நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது.

கடைசியாக வெயில். 25 டிகிரியைத் தாண்டினாலே பாலூட்டும் பன்றி தின்பதைக் குறைக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். நண்பகலில் தட்டில் கொட்டினால் ஈதான் தின்னும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் பிரித்துப் போட வேண்டும். தண்ணீர் நாளைக்கு இருபது, முப்பது லிட்டர். குடம் ஒன்றுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் பன்றிக்கு முப்பது லிட்டரா என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். அதற்கு வழி இல்லாதவர் வெள்ளைப் பன்றி வாங்காமல் இருப்பதே நல்லது.

மறுபடி கணக்கு

கூடுதல் தீவனம் செலவு இல்லையா? போட்டுப் பார்ப்போம். பாலூட்டும் 42 நாளும் வழக்கத்தைவிட ஒன்றரை கிலோ கூடுதலாகப் போட்டால் மொத்தம் 63 கிலோ. போடாமல் விட்டு, தாய் மூன்று பருவத்தைத் தவறவிட்டால் 63 நாள் வீண். அந்த நாட்களிலும் சும்மா நிற்கும் பன்றிக்கு நாளைக்கு 2 கிலோ போட்டாக வேண்டும். 126 கிலோ. மிச்சம் பிடித்ததாக நினைத்ததைப் போல இரண்டு மடங்கு போயிற்று, குட்டியும் இல்லை. "மலடு" என்று விற்றால், இரண்டாம் ஈற்று, மூன்றாம் ஈற்று என்று வர வேண்டிய குட்டிகள் எல்லாம் சேர்ந்து போயிற்று.

பண்ணைக்காரர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு உண்டு: தாய்க்கு 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு குட்டிக்கும் அரை கிலோ வரை. எட்டுக் குட்டிக்கு 6 கிலோ. நம் ஊர்ப் பன்றிகள் உடம்பில் சிறியவை என்றால் கொஞ்சம் குறைக்கலாம். சித்தப்பா போட்டது இரண்டரை கிலோ. சினையில் போட்ட அதே அளவு.

இரண்டாவது பன்றி ஈன்றபோது அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தீவனத்தை மாற்றினோம். கம்பு, மக்காச்சோளம், தவிடு, நல்ல கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் மீன் தூள், தாது உப்பு. பருத்திக்கொட்டைக்குத் தடை. அப்பத்தா ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு போய் ஒரு வேளை வைத்தார் (ஆமாம், அதே அப்பத்தாதான்). குட்டி பிரித்து ஆறாம் நாள் பன்றி பருவத்துக்கு வந்தது. ஒரு பன்றியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முதல் பன்றி ஈன்றது கோடையில், இது மார்கழியில். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் அன்றைக்குச் சித்தப்பா கொட்டகை ஓரம் உட்கார்ந்துகொண்டு சொன்னது மறக்கவில்லை. "அந்த மொதப் பன்னி நல்ல பன்னிடா. நாமதான் அதைப் பாக்கல." எல்லோரும் குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலிருந்து நாங்கள் வரைக்கும் கண் போன இடம் கறியும் குட்டியும்தான். தாயைப் பார்க்கக் கற்றுக்கொண்டது மிகச் சமீபத்தில்.

உங்கள் ஊரில் யாராவது ஒரு பன்றியையோ, ஆட்டையோ, மாட்டையோ "மலடு" என்று விற்கப் போனால் ஒரு நிமிடம் நிறுத்தி, போன ஈற்றில் பால் கொடுக்கும்போது அதற்கு என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள். நோயோ வேறு குறையோ இருக்கலாம். அதைக் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.